நெருப்பு தேசத்தை மன்னிப்பது யார்?

2008 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் ஒரு குழந்தைகள் தொடர் முடிவுக்கு வந்தது. மூன்று சீசன், 61 எபிசோட். கடைசி எபிசோடில், உலகத்தையே எரிக்கக் கிளம்பிய அரசனைப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மண்ணில் சாய்க்கிறான். ஒரே அடியில் உயிரை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. அவன் செய்தது சரியா என்று அன்று ஆரம்பித்த வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருந்து பார்த்தவர்கள் இப்போது முப்பதைத் தொட்டிருப்பார்கள்; அவர்களுடைய பிள்ளைகள் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தொடரின் பெயர் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’. ஜேம்ஸ் கேமரூனின் நீல மனிதர்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அந்தப் படத்துக்கு இது நாலு வருடம் மூத்தது. மைக்கேல் டாண்டே டிமார்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ என்ற இருவர் உருவாக்கியது. நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை உடலசைவால் ஆட்டிவைக்கும் வித்தை தெரிந்த நான்கு சமூகங்கள். நான்கையும் ஆளத் தெரிந்தவர் தலைமுறைக்கு ஒருவர், அவர்தான் அவதார். நெருப்பு தேசத்து அரசன் ஸோசின் ஒரு வால்மீனின் வலிமையைப் பயன்படுத்திக் காற்று நாடோடிகள் அத்தனை பேரையும் கொன்றொழிக்கிறான். பனிக்குள் உறைந்துபோய் நூறு ஆண்டு கழித்துக் கண்விழிக்கும் ஆங் என்ற பையன்தான் அந்த இனத்தின் கடைசி ஆள். அதற்குள் ஸோசினின் பேரன் ஓஸாய் அரியணையில் இருக்கிறான். இவ்வளவையும் ஆறு வயதிலிருந்து பார்க்கலாம் என்று சேனல் நினைத்ததே ஓர் ஆச்சரியம்.

ரசிகர்களின் சண்டைகள் வெளிப்பார்வைக்குப் பலவகை. ஓஸாயைக் கொன்றிருக்க வேண்டுமா, அவன் மகள் அஸூலாவுக்கு ஏன் இரக்கம் கிடைக்கவில்லை, அவன் அண்ணன் ஐரோ மாமா உண்மையில் நல்லவரா, ஆங்கின் தோழி கட்டாரா யாரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், அடுத்த அவதாரின் கதையான கோரா தொடர் இதைவிட மட்டமா? இவற்றில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரே வழக்குதான் ஓடுகிறது: அட்டூழியம் செய்த ஒரு தேசத்தின் மனிதர்களில் யாருக்கு மன்னிப்பு, அதைக் கொடுக்கும் உரிமை யாருக்கு? தொடர் இந்தக் கேள்விக்குச் சில இடங்களில் பிரமாதமாகப் பதில் சொல்கிறது. சில இடங்களில் நழுவுகிறது. நழுவிய இடங்களில்தான் ரசிகர்கள் கூடாரம் அடித்திருக்கிறார்கள்.

முதலில் ஓஸாய். இறுதிச் சண்டைக்கு முன் நண்பர்கள் ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். பழம் ஒன்றைத் தலையாக வைத்த பொம்மைதான் அரசன். ஆங் தடைகளையெல்லாம் தாண்டி அதன் முன் வந்து நிற்கிறான்; கை இறங்கவில்லை. நான் நானாக இருக்க முடியவில்லை என்கிறான். கட்டாராவின் அண்ணன் சோக்கா சளைக்காமல் வாளை உருவிப் பழத்தை இரண்டாக வெட்டி, வேலை இப்படித்தான் முடிய வேண்டும் என்கிறான். பிறகு ஆங் தன் முற்பிறவி அவதார்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கிறான். ரோக்கு, கியோஷி, குருக் சொல்வது அவனுக்கு உதவவில்லை. தன் இனத்தைச் சேர்ந்த துறவி யாங்சென் தன் பக்கம் நிற்பாள் என்று நம்புகிறான். உலகத்துக்காக உன் சொந்த ஆன்ம நலனை விட்டுக்கொடு என்று அவளும் சொல்லிவிடுகிறாள். தொடரிலேயே மிகத் துணிச்சலான இடம் இது என்பேன். அகிம்சையின் மடியில் வளர்ந்தவளே கொல்லச் சொல்கிறாள்.

இப்படி எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, ஒரு சிங்க ஆமை வந்து ஜன்னலைத் திறக்கிறது. பிறர் உயிர்ச்சக்தியையே வளைக்கும் பழைய வித்தையை அது ஆங்குக்கு அளிக்கிறது. அதைக்கொண்டு ஓஸாயின் நெருப்பு வித்தையைப் பறித்து, உயிரை விட்டுவிடுகிறான். கதாசிரியர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டு வானத்திலிருந்து கயிறு இறக்கினார்கள் என்பது ஒரு கட்சி. இல்லை, இரண்டாம் சீசனில் பாலைவன நூலகத்திலேயே சிங்க ஆமையின் படம் வந்துவிட்டது என்பது எதிர்க்கட்சி. படம் வந்தது உண்மை. ஆனால் படத்தைக் காட்டியதால் மட்டும் முடிவு பழுத்துவிடாது. இதைவிடக் கனமான புகார் ஒன்று உண்டு. அவதாரின் முழு வலிமையும் வர உடலின் ஏழு சக்கரங்களையும் திறக்க வேண்டும், அதற்குக் கடைசியாக ஆங் கட்டாராவின் மேலுள்ள பற்றை விட வேண்டும் என்று குரு பதிக் சொல்லியிருந்தார். பிறகு அஸூலாவின் மின்னல் தாக்கி அந்தப் பாதை அடைபட்டது. இறுதிச் சண்டையில் முதுகில் ஒரு பாறை இடிக்க, அடைப்பு தானாகத் திறந்துகொள்கிறது. கேட்ட விலை எதுவும் கொடுக்காமலே பொருள் கைக்கு வந்துவிட்டது.

நமக்கு இது புராணத்தில் பழகிய சிக்கல்தான். பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று இரணியன் வாங்கிவந்த வரத்தில் ஓட்டை கண்டுபிடித்து நரசிம்மம் அவனைக் கிழித்தது. இந்தத் தொடரின் அவதாரமோ கொல்லாமலிருக்க ஓட்டை தேடுகிறது. தேடியது பிழையில்லை. அது கைக்கு வந்த விதம்தான் பலருக்குக் கசக்கிறது. முதல் சீசன் முடிவில் கடல் தேவதையோடு கலந்து ஆங் மூழ்கடித்த போர்க்கப்பல்களில் இருந்தவர்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கிண்டலாகக் கேட்கும் ரசிகர்களுக்குத் தொடரில் பதிலே இல்லை.

இந்த விவாதத்தில் பலரும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஆங் ஓஸாயைக் கொல்லவில்லைதான். ஆனால் மன்னிக்கவும் இல்லை. வித்தையைப் பறித்துச் சிறையில் தள்ளுகிறான். கொலை கூடாது என்பது ஆங்கின் விரதம். மன்னிப்பு என்பது இருவருக்கு இடையில் நடக்கும் காரியம். இரண்டும் வேறு என்று தொடர் அறிந்தே வைத்திருக்கிறது. அறிந்ததற்குச் சாட்சி, கடைசிக்குச் சற்று முன்னால் வரும் ‘தி சதர்ன் ரெய்டர்ஸ்’ எபிசோட். மொத்தத் தொடரிலும் ஒரே ஒரு எபிசோடைக் காப்பாற்றி வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கட்டாரா சிறுமியாக இருந்தபோது, தென் துருவத்தில் எஞ்சியிருந்த ஒரே நீர்வித்தைக்காரரைத் தேடி நெருப்பு தேசத்துப் படை வருகிறது. தேடப்பட்டவள் கட்டாராதான். அவளுடைய தாய், அது நான்தான் என்று பொய் சொல்லிச் சாகிறாள். பல வருடம் கழித்து, கொன்றவன் யார் என்ற தகவலை ஸூக்கோ கொண்டுவருகிறான். ஓஸாயின் மகன்; முன்பு எதிரியாக இருந்து இப்போது குழுவில் சேர்ந்த இளவரசன் அவன். மற்றவர்கள் அவனை ஏற்றுக்கொண்ட பிறகும் கட்டாரா ஏற்கவில்லை. என்ன செய்தால் ஆறுவாய் என்று அவன் கேட்டபோது, நெருப்பு தேசம் பிடித்த மண் இராச்சியத்துத் தலைநகர் பா சிங் சேயை மீட்டுக் கொடு, இல்லையென்றால் என் அம்மாவைத் திருப்பிக் கொண்டுவா என்று சொன்னவள் அவள்.

பழிவாங்கக் கிளம்பும் முன் ஆங் மன்னிக்கச் சொல்கிறான். அண்ணன் சோக்காவும் அதையே சொல்கிறான். அப்படியென்றால் நான் நேசித்த அளவுக்கு நீ அம்மாவை நேசிக்கவில்லை என்று கட்டாரா அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். இந்த வாக்கியத்துக்காக அவளை இன்றும் திட்டுபவர்கள் உண்டு. துக்கத்தில் வீட்டில் உடன்பிறந்தவர்களுக்குள் என்னென்ன வார்த்தை விழும் என்று தெரிந்தவர்கள் திட்டமாட்டார்கள்.

கொன்றவன் யோன் ரா. ஓய்வுபெற்ற கிழவன், சிடுசிடுக்கும் அம்மாவுக்குக் காய்கறி வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்வருகிறான். கொட்டும் மழையில் அவனை வழிமறிக்கிறாள் கட்டாரா. பெய்கிற மழையே அந்தரத்தில் நின்றுவிடுகிறது. துளிகள் பனி ஈட்டிகளாகி அவனை நோக்கிப் பாய்ந்து, உடம்பைத் தொடும் முன் உறைந்து நிற்கின்றன. என் உயிருக்குப் பதில் என் அம்மாவை எடுத்துக்கொள், அதுதான் நியாயம் என்று அவன் கெஞ்சுகிறான். இந்த ஒரு பேச்சிலேயே அவன் எவ்வளவு காலியானவன் என்று தெரிந்துவிடுகிறது. அவள் திரும்பி நடக்கிறாள். கொல்லாதது பலவீனமா பலமா என்று தனக்கே தெரியவில்லை என்கிறாள். ஆங் மன்னிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பிக்க, அவனை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன் என்று வெட்டிவிடுகிறாள். அதே மூச்சில் ஸூக்கோவைக் கட்டிக்கொண்டு, உன்னை மன்னிக்கத் தயார் என்கிறாள்.

அவள் ஆங்கின் போதனையைக் கேட்டுத்தான் கொல்லாமல் விட்டாள் என்று வாதிடும் ரசிகர்கள் உண்டு. கேட்கவே இல்லை, அது அவளுடைய சொந்த முடிவு என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் கையிலிருக்கும் சாவி. வேறு யாரும் அதைப் பிடுங்கித் திறக்க முடியாது என்பதை எபிசோட் அழுத்தமாகச் சொல்கிறது. முடியும் தறுவாயில், வன்முறை தீர்வில்லை என்று ஆங் சொன்னது சரிதான் என்று ஸூக்கோ ஒப்புக்கொண்டுவிட்டு, அப்படியென்றால் என் அப்பாவை என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கிறான். ஆங்கிடம் பதில் இல்லை. ரசிகர்களின் பெரிய சண்டையைத் தூண்டிவிட்டதே கதாசிரியர்கள்தான்.

ஸூக்கோவைப் பற்றி அதிகம் சண்டை கிடையாது. தீயவன் நல்லவனாகும் கதைக்கு அவனையே அளவுகோலாகப் பலரும் வைத்திருக்கிறார்கள். ஏன் அது எடுபடுகிறது என்பதை மட்டும் சொல்லலாம். பதின்மூன்று வயதில், புதிதாகச் சேர்ந்த வீரர்களைப் பலிகொடுக்கும் திட்டத்தைப் போர்ச்சபையில் எதிர்த்துப் பேசியதற்காகத் தந்தையே முகத்தைச் சுட்டு நாடுகடத்திய பையன் அவன். பரிதாபத்துக்கு இதுவே போதும். ஆனால் தொடர் பரிதாபத்தைக் காட்டிக் கணக்கை முடிக்கவில்லை. ‘ஸூக்கோ அலோன்’ எபிசோடில் அவன் மண் இராச்சியத்துக் கிராமம் ஒன்றைக் குண்டர்களிடமிருந்து காப்பாற்றுகிறான். சண்டையில் நெருப்பு வெளிப்பட்டு அவன் யாரென்று தெரிந்ததும் ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதுவரை அண்ணனைப்போல அவன் பின்னாலேயே சுற்றிய சின்னப் பையன் லீயிடம் தன் கத்தியைப் பரிசாக நீட்டுகிறான். உன்னை வெறுக்கிறேன் என்கிறான் லீ. நல்லது செய்தாலும் மன்னிப்பு கிடைக்காமல் போகலாம் என்று குழந்தைகள் தொடர் ஒன்று சொல்லிவிட்டு, சமாதானம் எதுவும் சொல்லாமல் எபிசோடை முடித்துவிடுகிறது.

பின்னாளில் ஆங்கின் குழுவில் சேர வரும்போது தவளைபோல ஒரு பிராணிக்கு முன்னால் நின்று மன்னிப்புப் பேச்சை ஒத்திகை பார்க்கிறான். சிரிப்பாக இருக்கும். பிறகு குழுவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கடன் தீர்க்கிறான்: ஆங்குக்கு நெருப்பு வித்தை, சோக்காவுக்குத் தந்தை, கட்டாராவுக்கு யோன் ரா. மொத்தமாக ஒரு ‘ஸாரி’ சொல்லித் தப்பிக்க விடவில்லை. தவணை முறையில் வசூல்.

இந்த இடத்தில்தான் ஐரோ மாமா பற்றிய வழக்கு சூடுபிடிக்கிறது. டீக்கடை, பழமொழி, தொப்பை, அன்பு. அவரைப் பிடிக்காதவர்களை எண்ணிவிடலாம். அவர்தான் 600 நாள் பா சிங் சே நகரத்தை முற்றுகையிட்ட தளபதி. மகன் லூ டென் அந்தப் போரில் இறந்த பிறகே பின்வாங்கினார். முற்றுகைக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்த நகரத்தை எரிக்காமல் விட்டால் நீங்களும் ஒருநாள் பார்க்கலாம் என்று கேலி செய்கிறார். கேட்டுச் சிறுபிள்ளைகளான ஸூக்கோவும் அஸூலாவும் சிரிக்கிறார்கள். தன் மகன் போன பிறகுதான் அடுத்தவர் பிள்ளைகளின் சாவு உறைத்ததா என்று கேட்கிறார்கள் ஒரு சாரார். மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் திருந்துகிறார்கள் என்பது மறுதரப்பின் பதில். கடைசி டிராகன்களைக் கொன்றதாகப் பொய் சொல்லி அவற்றைக் காப்பாற்றியதையும், பா சிங் சேயை இறுதியில் விடுவித்ததையும் அவர்கள் எடுத்து வைக்கிறார்கள்.

ஐரோ திருந்தியதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே இல்லை. முற்றுகையிட்ட நகரத்திலேயே டீக்கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார். டீ குடிக்க வருகிறவர்களில் முற்றுகையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்கூட இல்லையா? முதல் சீசனில் மண் இராச்சியத்துச் சிப்பாய்கள் அவரைப் பிடித்து, இனி நெருப்பு எழுப்பாதபடி கைகளை நசுக்கப் பார்க்கும் ஒரு காட்சி மட்டும் உண்டு. அதில் ஸூக்கோ வந்து காப்பாற்றிவிடுகிறான். நம் அனுதாபமும் அவரோடு போய்விடுகிறது. பா சிங் சேயின் குன்றில் மகனின் படத்தை வைத்து அவர் அழும் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அவருக்குக் குரல் கொடுத்த நடிகர் மாக்கோ 2006-இல் காலமானதால் அந்தப் பகுதியை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். துக்கத்தை ஒரு படி கூட்டியது அது. கண்ணீர் வழக்கை ஒத்திவைத்தது, தள்ளுபடி செய்யவில்லை.

அஸூலாவின் பக்கம் நிற்பவர்களுக்கு இங்கே நல்ல பிடி கிடைக்கிறது. மாமாவுக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு பொறுமை பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஒரே தந்தையிடம் வளர்ந்த இரு பிள்ளைகளில் ஒருவனுக்கு ஐரோ வாய்த்தார், இன்னொருத்திக்கு வாய்க்கவில்லை. அம்மா தன்னை ஓர் அரக்கியாகவே நினைத்தாள் என்று கடற்கரையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறாள். பிறகு தோழிகள் மாயும் டை லீயும் விட்டுப்போகிறார்கள். முடிசூடும் நாளில் கண்ணாடியில் அம்மாவைக் காண்கிறாள். தோற்றுச் சங்கிலியில் கிடந்து நீல நெருப்பைக் கக்கிக்கொண்டு அவள் அழுவதைப் பார்த்து வெற்றிக்களிப்பு அடைந்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. எதிர்ப்பக்கத்தாரின் வாதமும் லேசானதல்ல: மண் இராச்சியத்தை ஒட்டுமொத்தமாக எரித்துவிடலாம் என்ற யோசனையை அப்பாவுக்குக் கொடுத்தவளே அவள்தான். தலைமை எழுத்தாளராக இருந்த ஆரன் எஹாஸ், நான்காம் சீசன் வந்திருந்தால் அஸூலா மீண்டு வந்திருப்பாள் என்று பின்னாளில் சொல்லிப் பழைய புண்ணைக் கிளறிவிட்டார். தொடருக்குப் பின் வந்த காமிக்ஸ்களும் அவளை ஒரு முடிவுக்குக் கொண்டுவரவில்லை. என் கருத்து: அவளுக்கு மன்னிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, கேட்டுப் பெறும் வாய்ப்பையாவது காட்டியிருக்கலாம்.

காதல் ஜோடிச் சண்டையை அதிகம் இழுக்க விருப்பமில்லை. கட்டாராவுக்கு ஆங்கா, ஸூக்கோவா என்று ரசிகர்கள் பல வருடம் கட்சி கட்டினார்கள். ஸூக்கோ கட்சியின் உணர்ச்சி வேகத்துக்குக் காரணமும் மேலே சொன்ன மன்னிப்புதான். படிகக் குகையில் அவன் தழும்பைத் தொட்டு, குணப்படுத்தட்டுமா என்று அவள் கேட்கிறாள். சற்று நேரத்தில் அவன் துரோகம் செய்கிறான். அந்தக் காயத்திலிருந்து திரும்பிவந்த உறவு, காதலைவிடக் கனமாகச் சிலருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை. ‘எம்பர் ஐலண்ட் பிளேயர்ஸ்’ எபிசோடில் நாயகர்கள் தங்கள் கதையையே மட்டமான மேடை நாடகமாகப் பார்க்கிறார்கள். அதில் இந்த ஜோடியையும் கிண்டல் செய்து முடித்துவிட்டார்கள்.

2012 முதல் 2014 வரை வந்த ‘தி லெஜெண்ட் ஆஃப் கோரா’வில் சண்டை அரசியலுக்கு நகர்ந்தது. வித்தை தெரியாத மக்களுக்குச் சம உரிமை கேட்கிறான் அமோன். நகரசபையில் இருப்பவர்கள் வித்தைக்காரர்கள். வித்தையற்றவர்கள் வாழும் பகுதியில் ஊரடங்கு, மின்வெட்டு. குறை உண்மையானது. கதையோ, அமோனே மறைந்து வாழும் நீர்வித்தைக்காரன், சொன்ன சோகக்கதையும் பொய் என்று காட்டி, கோரிக்கையையும் அவனோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறது. தலைவன் பொய்யன் என்பதால் தொண்டர்களின் குறை பொய்யாகிவிடுமா என்று ரசிகர்கள் கேட்டது முழுக்க நியாயம். அடுத்த சீசனில் வித்தையற்ற ஒருவர் அதிபராக வந்து நிற்கிறார். எப்படி வந்தது மாற்றம் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. மறுகல்வி முகாம்கள் நடத்திய குவீராவோடு கோரா அனுதாபத்தோடு பேசி முடிப்பதிலும் பலருக்கு மனக்குறை உண்டு. முகாமில் கிடந்தவர்களை யாரும் கேட்கவில்லையே.

நடிகர்களை வைத்து எடுத்த வடிவங்களும் இந்த வழக்குக்குள் வந்துவிட்டன. 2010-இல் மனோஜ் நைட் ஷியாமளன் எடுத்த படத்தில் ஆங், கட்டாரா, சோக்கா மூவருக்கும் வெள்ளை நடிகர்கள். ஸூக்கோவாக தேவ் படேல். தமிழ்த் தாய்க்கும் மலையாளத் தந்தைக்கும் மாஹேயில் பிறந்த இயக்குநர் கையால் நாயகர்கள் வெளுத்து, எதிரிகள் பழுப்பானது ஆசிய அமெரிக்க ரசிகர்களை அமைப்பாகத் திரட்டிப் போராட வைத்தது. 2024-இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் சோக்காவின் ஆணாதிக்கப் பேச்சை மட்டுப்படுத்தினார்கள். அசலில் அவன் பெண்களை மட்டம் தட்டுவான். கியோஷித் தீவில் சூக்கி என்ற வீராங்கனையிடம் அடிவாங்கி, மண்டியிட்டு, அவளுடைய உடையையும் முகப்பூச்சையும் அணிந்துகொண்டு கற்றுக்கொள்வான். குற்றத்தை நீக்கியதும் மன்னிப்புக்கும் வேலையில்லாமல் போயிற்று. அதே தொடர் இன்னோர் இடத்தில் அசலையே மிஞ்சியது: ஸூக்கோ காப்பாற்றப் பார்த்த அந்தப் படைப்பிரிவுதான் அவன் கப்பலில் இருப்பது என்று மாற்றினார்கள். உண்மை தெரிந்ததும் அவர்கள் எழுந்து வணங்குவதைப் பழைய ரசிகர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தனை சண்டைக்கும் நடுவே குறைவாகவே பேசப்படுபவள் ஹாமா. கட்டாராவின் ஊரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, நெருப்பு தேசத்துச் சிறையில் தண்ணீரை வளைக்க வழியில்லாமல் வாடியவள். பௌர்ணமி இரவுகளில் எலிகளின் உடலில் ஓடும் ரத்தத்தை வளைக்கப் பழகி, காவலனையே பொம்மையாக்கித் தப்பிக்கிறாள். பிறகு எதிரி நாட்டுக் கிராமத்திலேயே விடுதி நடத்தி, பௌர்ணமிதோறும் சாதாரண ஜனங்களைக் கடத்திச் சிறைவைக்கிறாள். அவள் செய்தது கொடுமைதான். கதை அவளைக் கைதுசெய்து, கட்டாராவை அழவைத்து, முடிந்துவிடுகிறது. அவளைப் பிடித்துவந்த படைவீரர்களுக்கு, அடைத்த சிறையதிகாரிக்கு, சக கைதிகளின் சாவுக்கு எந்த எபிசோடிலும் விசாரணை இல்லை. போர் முடிந்து ஸூக்கோ அரியணை ஏறும் விழாவில் மண் இராச்சியத்து வீரர்களும் நீர்க்குடி வீரர்களும் நெருப்பு தேசத்தாரோடு ஒன்றாக நின்று ஆரவாரம் செய்கிறார்கள்; புதிய அரசன் ஹாமாவின் பூட்டைத் திறந்தானா என்பதைத் தொடர் சொல்லவில்லை.